கதை கேட்டால் ட்ரோன் விடுகிறார்கள்

திருச்சிப் பசங்க யாராவது சொந்தமாகப் போட்ட பாட்டு ஒன்றை யூடியூபில் திறந்து, கீழே கமென்ட்டுகளைப் படித்துப் பாருங்கள். ஒரு சொல் தவறாமல் இருக்கும்: ‘சினிமாட்டிக்.’ செம சினிமாட்டிக் ப்ரோ. படம் பாத்த மாதிரியே இருந்துச்சு மச்சி. அடுத்து ஃபுல் மூவி பண்ணுங்க தல. மெட்டைப் பற்றியோ குரலைப் பற்றியோ ஒரு வார்த்தை இருக்காது. பாட்டுப் போட்டவரும் அதையெல்லாம் படித்து நெகிழ்ந்துபோய் ஒவ்வொன்றுக்கும் இதயக்குறி போட்டிருப்பார். ஒரு பாடகரிடம் போய், உன் பாட்டு வேறு ஏதோ ஒன்று மாதிரியே இருக்கிறது என்று சொல்வது எப்படிப் பாராட்டாகும்? ‘அக்கா, இட்லி அப்படியே கேக் மாதிரியே இருக்கு’ என்று சத்திரம் பஸ் ஸ்டாண்டு தள்ளுவண்டிக் கடையில் சொல்லிப் பாருங்கள். சட்னி மேலே விழும்.

அந்த ‘சினிமாட்டிக்’ எதனால் ஆனது என்று பார்த்தால் பட்டியல் சின்னதுதான். திரைக்கு மேலேயும் கீழேயும் கறுப்புப் பட்டை. மலைக்கோட்டையைச் சுற்றி ஒரு ட்ரோன். விடியற்காலைக் காவிரிப் பாலத்தில் ஸ்லோ மோஷனில் பறக்கும் துப்பட்டா. எல்லாவற்றின் மேலும் பூசிய நீலமும் ஆரஞ்சும். பாட்டு தொடங்குவதற்கு முன்னால் ஒன்றரை நிமிஷ வசனம். பைக்கில் வரும் நண்பன் ஒருத்தன் ‘விடு மச்சான், அவ போயிட்டா’ என்பான். கடைசியில் பாடகர் பெயருக்கு முன்னால், இயக்குநர் பெயரோடு ‘எ ஃபிலிம் பை’ வரும். இதற்குத்தான் ‘ஸ்டோரிடெல்லிங்’ என்று பெயர் வைத்திருக்கிறோம். அவள் ஏன் போனாள்? எங்கே போனாள்? என்ன வேலை பார்த்துக்கொண்டிருந்தாள்? அவள் பெயர்தான் என்ன? நாலரை நிமிஷம் கதை சொன்னவருக்கு இதில் ஒன்றுகூடத் தெரியாது.

கதை வேறு, சினிமா வேறு. இந்த இரண்டையும் ஒன்றென்று நினைப்பதில்தான் தமிழ்ச் சுயாதீன இசையின் இன்றைய சிக்கல் முழுக்க இருக்கிறது என்று நினைக்கிறேன். கதை வாங்கிவரப் போனவர்கள் கடையில் பளபளவென்று இருந்த சினிமாவை வாங்கிக்கொண்டு திரும்பியிருக்கிறார்கள்.

*

இப்படிச் சொன்னதுமே சபா மாமாக்கள் சந்தோஷமாக என் பக்கம் நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொள்வார்கள் என்பது தெரியும். ‘அதானே, பாட்டுன்னா கண்ணை மூடிண்டு கேக்கணும், படம் எதுக்கு?’ மன்னிக்கணும் மாமா, உங்களோடும் எனக்குச் சண்டை இருக்கிறது. கண்ணை மூடிக் கேட்பதுதான் தூய இசை என்பது நம்முடைய பழக்கமே கிடையாது. சந்தேகமிருந்தால் மார்கழியில் ஸ்ரீரங்கம் கோயிலுக்குப் போங்கள்.

வைகுண்ட ஏகாதசியை ஒட்டி வரும் பகல் பத்தில் நம்பெருமாள் அர்ச்சுன மண்டபத்தில் எழுந்தருளியிருப்பார். எதிரே அரையர் நிற்பார். தலையில் கூம்பு மாதிரி நீண்ட குல்லாய், கழுத்தில் மாலை, கையில் தாளம். அவ்வளவுதான் செட்டு. ஆழ்வார் பாசுரத்தைப் பாடுவார். பாடிய அடியை அபிநயம் பிடிப்பார். பிறகு அதற்கு வியாக்கியானம் சொல்வார். அதாவது பாட்டு, காட்சி, கதை மூன்றும் ஒரே ஆளிடமிருந்து வரும். நாலாயிரத்தைத் தொகுத்த நாதமுனிகள் காலத்திலிருந்து வருவதாக வைணவ மரபு சொல்லும் கலை இது. அரையர் சேவையில் முத்துக்குறி என்று ஒரு பகுதி உண்டு. காதலில் நொந்து கிடக்கும் மகள், என்ன ஆச்சோ என்று தவிக்கும் தாய், முத்துகளைப் பரப்பிக் குறி சொல்லவரும் கட்டுவிச்சி, மூன்று பேரும் ஒரே அரையர்தான். உடை மாற்றுவதில்லை, விளக்கு மாறுவதில்லை, குல்லாய்கூட அதேதான். ஆனால் தாய் பேசும்போது தாய் தெரிவாள், மகள் பேசும்போது மகள் தெரிவாள். கட்டுவிச்சி முத்தைப் பார்த்து ‘இவளைப் பிடித்திருக்கிற நோய் எது’ என்று சொல்லப் போகிறபோது கூட்டத்தில் பாட்டிமார் முன்னால் எக்கிப் பார்ப்பார்கள். பதில் அவர்களுக்குப் பிறந்ததிலிருந்தே தெரியும். இருந்தாலும் எக்குவார்கள். கதை என்றால் அது.

(இந்த மரபை அப்படியே தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடவும் முடியாது. அரையர் வேடம் குறிப்பிட்ட குடும்பங்களின் ஆண்களுக்கு மட்டும் வழிவழியாக வருவது. மகளாகவும் தாயாகவும் ஆண் ஆடலாம். மகளும் தாயும் ஆட முடியாது. யார் கதையை யார் சொல்வது என்ற கேள்வி இங்கேயே தொடங்கிவிடுகிறது.)

திருப்பாணாழ்வாரை எடுத்துக்கொள்ளுங்கள். உறையூர்க்காரர், யாழ் மீட்டிப் பாடும் பாணர் குலம், தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்டவர். அவர் தீவுக்குள் கால் வைக்க முடியாது என்பதால் காவிரியின் தென்கரையில் நின்று அரங்கனைப் பார்த்துப் பாடிக்கொண்டிருந்தார் என்கிறது குருபரம்பரைக் கதை. திருமஞ்சனத்துக்குத் தண்ணீர் எடுக்க வந்த லோகசாரங்க முனிவர், வழியில் நிற்கிறாரே என்று கல்லால் அடித்தார், ரத்தம் வந்தது. கோயிலுக்குத் திரும்பினால் அரங்கன் நெற்றியில் ரத்தம். அடித்தவரே போய், பாணரைத் தன் தோளில் ஏற்றிக் கருவறை வரை சுமந்து வர வேண்டும் என்று ஆணை. தோளில் வந்தவர் உள்ளே நின்று பாடியது பத்தே பாசுரம். அந்தப் பத்தின் அமைப்பைப் பாருங்கள். முதலில் பாதம். அடுத்து அரையில் கட்டிய சிவந்த ஆடை. பிறகு உந்தி, வயிறு, மார்பு, கழுத்து, வாய், கடைசியாகக் கண்கள். அதற்கப்புறம் மொத்தத் திருமேனி. ஒளிப்பதிவாளர்கள் ‘டில்ட் அப்’ என்பார்களே, அதேதான். கேமரா என்ற பொருளைப் பற்றி யாரும் கனவுகூடக் காணாத காலத்தில், உறையூர்ப் பாட்டுக்காரர் ஒருவர் பார்வையை எவ்வளவு மெதுவாக நகர்த்த வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்து வைத்திருக்கிறார்.

ஆகவே பாட்டோடு படம் வருவது பற்றி எனக்குப் புகார் கிடையாது. பாப் பாடகர் ஒருவருக்குச் சினிமா மேல் காதல் இருப்பதிலும் தப்பில்லை. மைக்கேல் ஜாக்சன் தன் காணொளிகளை மியூசிக் வீடியோ என்று சொல்வதையே விரும்பாதவர், குறும்படம் என்பார். 1983இல் ‘த்ரில்லர்’ எடுக்க ஜான் லேண்டிஸ் என்ற சினிமா இயக்குநரையே கூட்டிவந்தார். பதினாலு நிமிஷத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. ஆனால் அதில் ஆட்டம்தான் கதையை நகர்த்தும். பிணங்கள் எழுந்து வருவது ஆடுவதற்காக. ஆட்டத்தை எடுத்துவிட்டால் அங்கே கதையே கிடையாது. நம்முடைய காணொளியில் பாட்டை எடுத்துவிட்டு வேறு பாட்டைப் போட்டாலும் துப்பட்டா அதே மாதிரிதான் பறக்கும்.

*

இந்த மோகம் எங்கிருந்து வந்தது? வெள்ளைக்காரனிடமிருந்து வரவில்லை. கோடம்பாக்கத்திலிருந்து வந்தது.

1931இல் வந்த ‘காளிதாஸ்’ தமிழின் முதல் பேசும் படம் என்கிறோம். பாடும் படம் என்பதுதான் சரி. காளிதாசனின் கதைக்கு நடுவே காந்தியின் ராட்டினத்தைப் பற்றி ஒரு பாட்டு வரும். யாரும் ‘லாஜிக் இடிக்குதே’ என்று கேட்கவில்லை. அன்றைக்குச் சினிமாதான் பாட்டுக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் ஊரில் வளர்ந்த எம்.கே. தியாகராஜ பாகவதரின் முதல் படம் ‘பவளக்கொடி’, 1934. அதில் ஐம்பது பாட்டு என்பார்கள். அவர் பாடும்போது கேமரா கைகட்டி நிற்கும். 1944 தீபாவளிக்கு வந்த ‘ஹரிதாஸ்’ சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்டதற்குக் காரணம் திரைக்கதை என்று யாராவது சொன்னால் பாகவதரின் ரசிகர்கள் கல்லறையிலிருந்து எழுந்து வருவார்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நிலைமை தலைகீழானது. பாட்டு சினிமாவுக்குக் குடிபோனது, வாடகைக்கு இருந்தது, கடைசியில் சினிமாவுக்கு வெளியே பாட்டுக்கு முகவரியே இல்லாமல் போனது. ‘என்ன படம்?’ என்றுதான் நாம் எந்தப் பாட்டைக் கேட்டாலும் கேட்கிறோம்.

அதனால் சினிமாவுக்கு வெளியே செய்த பாட்டு, சினிமாவுக்கு எழுதிய விண்ணப்பமாகிவிடுகிறது. இது புதிசும் இல்லை. ஸ்ரீரங்கத்து டி.எஸ். ரங்கராஜன், பிற்காலத்து வாலி, திருச்சி வானொலிக்கு நாடகமெல்லாம் எழுதிக்கொண்டிருந்த காலத்தில் முருகனைப் பற்றி ஒரு பாட்டை போஸ்ட் கார்டில் எழுதி டி.எம். சௌந்தரராஜனுக்கு அனுப்பினார். டி.எம்.எஸ். அதற்கு மெட்டமைத்துப் பாடினார். ரங்கராஜன் மதராசுக்கு வண்டி ஏறினார். அதுவும் விண்ணப்பம்தான். ஆனால் அந்த விண்ணப்பத்தில் பாட்டைத் தவிர வேறொன்றும் இல்லை. அஞ்சலட்டையில் வேறு எதற்கும் இடமில்லை என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். இன்றைக்கும் பங்குனி உத்திரத்துக்கு ஏதாவதொரு ஒலிபெருக்கியில் அது ஒலிக்கத்தான் செய்கிறது. ‘என்ன படம்?’ என்று கேட்க முடியாத மிகச் சில பாட்டுகளில் ஒன்று.

இப்போதைய விண்ணப்பங்கள் வேறு மாதிரி. ஹிப்ஹாப் தமிழா ஆதி யூடியூபிலிருந்து புறப்பட்டு, 2015 ‘ஆம்பள’யில் சினிமா இசையமைப்பாளராகி, 2017இல் ‘மீசைய முறுக்கு’ படத்தை இயக்கி நடித்தார். அந்தப் படத்தின் கதை என்ன? சுயாதீனமாகப் பாட்டுப் போட்டு ஜெயிக்கத் துடிக்கும் பையனின் கதை. சினிமாவுக்கு வெளியே நின்றதையே சினிமாவாக எடுத்தால்தான் அது நடந்ததாக நமக்குப் படுகிறது! சாய் அபயங்கர் 2024இல் ‘கட்சி சேர’, ‘ஆச கூட’ என்று இரண்டு பாட்டுப் போட்டார். இரண்டிலும் படத்துக்குச் சமமான பளபளப்பு. ‘ஆச கூட’வில் ஆடியவர் திருச்சிப் பெண் ப்ரீத்தி முகுந்தன். 2025 தீபாவளிக்கு ‘டியூட்’ படம், இசை சாய் அபயங்கர். இரண்டு பேருமே திறமைசாலிகள், சம்பாதிக்கட்டும். வயிற்றுப்பாட்டைக் குறை சொல்ல நான் யார்? ஆனால் இந்தப் பாதையைப் பார்த்து நம்மூர்ப் பையன் கற்றுக்கொள்ளும் பாடம் ஒன்று உண்டு. காணொளி எடுப்பது பாட்டைக் கேட்கப் போகிறவனுக்காக இல்லை, எங்கோ உட்கார்ந்திருக்கும் ஒரு தயாரிப்பாளருக்காக. ‘இவன் கையில ஒரு படத்தக் குடுக்கலாம்’ என்று அவர் சொல்ல வேண்டும். அதனால்தான் பாட்டில் புல்லாங்குழல் சாஃப்ட்வேரிலிருந்து வருகிறது, படத்தில் ட்ரோன் நிஜமாக வாடகைக்கு வருகிறது. உறையூரிலும் தில்லைநகரிலும் கல்யாணத்துக்கு வாசிக்கப் போகிற நல்ல நாதஸ்வரக்காரர்கள் இருக்கிறார்கள். ஒருநாள் ட்ரோன் காசில் அவர்களில் ஒருவரை அழைத்து வாசிக்கச் சொல்லியிருக்கலாம்.

*

இனி ஸ்ரீரங்கத்துக்காரர் ஒருவரைப் பற்றிப் பேசியாக வேண்டும். சந்தோஷ் நாராயணன். ஸ்ரீரங்கத்தில் பிறந்து, திருச்சி ஜே.ஜே. பொறியியல் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்து, 2012இல் பா. ரஞ்சித்தின் ‘அட்டகத்தி’யில் கானாவை வைத்து எல்லோர் காதையும் திருகியவர். சினிமாவுக்குள் இருந்துகொண்டே சினிமாவுக்கு வெளியே ஒரு பாட்டைச் செய்தார். 2021 மார்ச் 7இல் வெளியான ‘என்ஜாய் எஞ்சாமி’. பாடியவர்கள் அவருடைய மகள் தீ, அரக்கோணத்து அறிவு. காணொளி இயக்கம் அமித் கிருஷ்ணன். வெளியிட்டது ஏ.ஆர். ரஹ்மானின் ஆதரவோடு தொடங்கிய மாஜா என்ற சுயாதீன இசைத் தளம்.

அந்தக் காணொளி சினிமாட்டிக்தான், மறுக்கவில்லை. காடு, வெட்டவெளி, கனத்த நகைகள், கண்ணைப் பறிக்கும் உடைகள், ஆட்டக்காரர்கள். செலவு தெரியும். ஆனால் அதில் ஒரு வயதான பெண்மணி வருகிறார். பாட்டியாக நடிக்க வந்தவர் கிடையாது, பாட்டியேதான். அறிவின் பாட்டி வள்ளியம்மாள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்துவிட்டு இந்தியாவுக்குத் திரும்பி, இங்கேயும் நிலமில்லாமல் கூலி வேலைக்குப் போனவர். அவர் வந்ததுமே மற்ற அலங்காரங்களுக்கெல்லாம் ஒரு பொருள் கிடைத்துவிடுகிறது.

ஏனென்றால் அது ஒரு குடும்பத்தின் கதை மட்டும் கிடையாது. 1964 அக்டோபரில் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். மலையகத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேரை இலங்கை வைத்துக்கொள்ளும், மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம். மூட்டை கணக்கு. அந்த மூட்டைகளில் யாரும் அபிப்பிராயம் கேட்கப்படவில்லை. நூறு வருஷத்துக்கு மேல் தோட்டத்தை உண்டாக்கியவர்களுக்குத் தோட்டத்தில் ஒரு பிடி மண் கிடையாது. திரும்பி வந்த இடத்திலும் கிடையாது. நட்டவருக்கு நிலம் இல்லை என்ற இந்த ஒரு வரிச் செய்தியைத் தாலாட்டும் ஒப்பாரியும் கலந்த குரலில் அறிவு எழுதினார். நாற்பது கோடித் தடவைக்கு மேல் பார்த்தார்கள். கல்யாண வீட்டில் ஆடினார்கள், காலேஜில் ஆடினார்கள், ஒப்பாரிக்கு ஆடுகிறோம் என்று தெரியாமலே ஆடினார்கள். பரவாயில்லை, ஒப்பாரி நம்மிடம் எப்போதுமே பாதி ஆட்டம்தான்.

அப்புறம் நடந்ததுதான் எனக்கு முக்கியம். அதே 2021 ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா அட்டைப்படத்தில் தீயும், ‘நீயே ஒளி’ பாடிய ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள், அறிவு இல்லை. பா. ரஞ்சித் பொதுவெளியில் கேட்டார், சத்தம் எழுந்தது, பிறகு அறிவை வைத்துத் தனியாக ஓர் இணைய அட்டை வந்தது. 2022 ஜூலையில் சென்னையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா. மேடையில் தீயும் கிடாக்குழி மாரியம்மாளும் அந்தப் பாட்டைப் பாடினார்கள். அறிவு இல்லை. அவர் அப்போது அமெரிக்காவில் இருந்தார் என்றார்கள். அறிவு இன்ஸ்டாகிராமில் நீளமாக எழுதினார்: எழுதியதும் மெட்டுக் கட்டியதும் பாடியதும் தான், யாரும் தனக்கு ஒரு சொல்லோ மெட்டோ தரவில்லை. சந்தோஷ் நாராயணன் பதில் எழுதினார்: பாட்டு உருவானதில் மூவருக்கும் பங்கு உண்டு, உரிமையும் வருமானமும் மூவருக்கும் சமம். தீயும் தன் பக்கத்தைச் சொன்னார். 2024 மார்ச்சில், பாட்டு வந்து மூன்று வருஷம் ஆனபோது, அந்தப் பாட்டால் தங்களுக்கு இதுவரை ஒரு ரூபாய்கூட வந்து சேரவில்லை என்று மாஜாவின் மேல் சந்தோஷ் நாராயணனே வெளிப்படையாகக் குற்றம் சொன்னார்.

அப்போது நண்பர்கள் பலரும் சொன்னது: ‘இதெல்லாம் கிரெடிட் சண்டை பாஸ், ஆர்ட்ட பாருங்க.’ இந்த வாக்கியத்தைக் கேட்டால்தான் எனக்கு எரிச்சல் மண்டைக்கேறும். ஆர்ட் என்று நீங்கள் சொல்வது எதை? உடையையா, கலரையா, ட்ரோனையா? அந்தப் பாட்டில் ஆர்ட் என்று இருந்ததே அது யாருடைய கதை என்பதுதான். நட்டவருக்குப் பலன் இல்லை என்று ஒரு பாட்டு சொல்கிறது. அந்தப் பாட்டை நட்டவர் அட்டைப்படத்தில் இல்லை, மேடையில் இல்லை. கடைசியில் மூவருக்குமே அறுவடையும் இல்லை. கதை காணொளிக்கு உள்ளே நின்றுகொண்டு, காணொளிக்கு வெளியே அப்படியே திரும்ப நடந்திருக்கிறது. மெட்டில் யாருக்கு எத்தனை விழுக்காடு என்று தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை, அந்த ஸ்டூடியோவில் நான் இல்லை. ஆனால் வள்ளியம்மாளின் கதை யாருடையது என்பதில் எந்தத் தரப்புக்கும் சந்தேகமே இருந்ததில்லையே. அப்படியிருந்தும் உலகத்துக்குக் காட்டுகிற இரண்டு பெரிய தருணங்களில், அவருடைய பேரன் இல்லாமலே அந்தக் கதையைச் சொல்லிவிடலாம் என்று ஏற்பாடு செய்தவர்களுக்குத் தோன்றியிருக்கிறது. அது எப்படித் தோன்றுகிறது? காணொளியைச் சினிமாவாகப் பார்க்கப் பழகிவிட்டால் தோன்றும். சினிமாவில் முகம் முக்கியம், மேடை முக்கியம். கதை என்பது டைட்டிலில் ஓடும் ஒரு வரி. சினிமாவில் கதைக்காரனுக்கு என்ன மரியாதை என்பதைக் கோடம்பாக்கத்தில் உதவி இயக்குநர்களாக இருக்கிற யாரிடமும் கேட்டுக்கொள்ளலாம்.

அடித்த கையாலேயே தூக்கிச் சுமந்து உள்ளே கொண்டுபோக வேண்டும் என்றுதான் ஸ்ரீரங்கத்துப் பழைய கதை சொல்கிறது. பாணரின் பாட்டு நன்றாக இருக்கிறது, அதை மட்டும் உள்ளே கொண்டுவந்து வேறு யாராவது பாடட்டும், அவர் கரையிலேயே நிற்கட்டும் என்று அரங்கன் சொன்னதாக யாரும் எழுதி வைக்கவில்லை. (கதையில் அப்படி, தெருவில் எப்படி என்பது எல்லோருக்கும் தெரியும்.)

*

‘நீ பேசுறது எல்லாம் சரி, விஷுவல் நல்லா இல்லன்னா எவன் பாப்பான்? அஞ்சு செகண்ட்ல ஸ்க்ரோல் பண்ணிட்டுப் போயிருவான்’ என்பார்கள். ஒத்துக்கொள்கிறேன், பார்க்க மாட்டான். அசிங்கமாக எடுங்கள் என்று நான் கேட்கவும் இல்லை. எதை எடுக்கிறோம் என்று தெரிந்து எடுங்கள் என்கிறேன்.

ஸ்ரீரங்கத்தில் ட்ரோன் விடுகிறவர்கள் 236 அடி ராஜகோபுரத்துக்கு நேரே விடுகிறார்கள். 1987இல் கட்டி முடித்த கோபுரம் அது. கிழக்கே கொஞ்சம் திரும்பினால் வெள்ளைக் கோபுரம் நிற்கிறது. சுற்றிலும் எல்லாம் வண்ணம் பூசியிருக்க அது மட்டும் ஏன் வெள்ளை? படையெடுத்து வந்தவர்களின் தளபதியை மயக்கி மேலே கூட்டிப்போய்த் தள்ளிவிட்டு, தானும் குதித்துச் செத்துப்போன வெள்ளையி என்ற தாசியின் பெயர் அதற்கு என்று ஊரில் சொல்வார்கள். அவளுக்காக ஒரு பாட்டு உண்டா? கோயிலுக்கு உள்ளேயே துலுக்க நாச்சியார் சன்னதி இருக்கிறது. அரங்கன் மேல் காதல்கொண்டு டில்லியிலிருந்து பின்னாலேயே வந்த சுல்தான் மகள். சிலை கிடையாது, ஓவியம்தான். அவளுக்காகப் பெருமாளுக்கு ரொட்டியும் வெண்ணெயும் நைவேத்தியம் ஆகிறது, கைலி போல வஸ்திரம் சாத்துகிறார்கள். ‘அவ போயிட்டா மச்சான்’ என்று அழுகிற பாட்டுக்காரர்களே, ஒருத்தி இங்கே வந்திருக்கிறாள், எழுநூறு வருஷமாக உட்கார்ந்திருக்கிறாள், அவளைக் கவனிக்க மாட்டீர்களா? இன்றைய இந்தியாவில் அந்தப் பாட்டைப் போடத் தைரியம் வேண்டும் என்பது வேறு விஷயம். ட்ரோனுக்கு வாடகை போதும், தைரியம் வேண்டாம்.

ஏர்போர்ட் பக்கம் கொட்டப்பட்டு முகாம் இருக்கிறது. 2021இல் ‘அகதிகள்’ என்ற சொல்லை எடுத்துவிட்டு ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்று அரசு பெயர் மாற்றியது. அங்கே பிறந்து, அங்கேயே வளர்ந்து, நம்மோடு அதே டவுன் பஸ்ஸில் வந்து படித்த பிள்ளைகளுக்கு இன்னமும் குடியுரிமை ஒரு கேள்விக்குறி. வள்ளியம்மாளின் கதைக்கு நம்மூரில் நெருங்கிய உறவு அது. உடனே நாளைக்கே கேமராவைத் தூக்கிக்கொண்டு அங்கே ஓடிவிடாதீர்கள். அந்தப் பயமும் எனக்கு இருக்கிறது. அந்தத் தகர வீடுகள் ‘செம ரா லொகேஷன் ப்ரோ’ ஆகிவிடும். துப்பட்டா அங்கேயும் பறக்கும். அங்கே ராப் எழுதுகிற பிள்ளை ஒருத்தனோ ஒருத்தியோ கட்டாயம் இருப்பாள், இருபது வயதில் ஃபோன் வைத்திருக்கும் யார்தான் எழுதவில்லை. அவளைத் தேடிப் பிடித்து, மைக்கை அவள் கையில் கொடுத்து, பெயரை முதல் வரியில் போட்டு, உரிமையைத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொடுத்தபிறகு கேமராவை வெளியே எடுங்கள். கறுப்புப் பட்டை வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள், அதற்கெல்லாம் நான் சண்டைக்கு வரமாட்டேன்.

தாளில் எழுதுவது என்று சொன்னால் நம் பசங்களுக்குச் சிரிப்பு வருகிறது. ‘எல்லாம் ஃப்ரெண்ட்ஸ்தான மச்சான், இதுக்குப் போய் அக்ரிமென்ட்டா?’ கேமரா வாடகைக்கு ஆதார் அட்டை நகலும் முன்பணமும் கொடுத்து ரசீது வாங்குகிறவர்கள், வரி எழுதிய நண்பனிடம் மட்டும் நட்பைக் காட்டுகிறார்கள். காணொளிக்குக் கீழே விவரப் பெட்டியைத் திறந்தால் முதலில் இயக்குநர், பிறகு ஒளிப்பதிவு, கலர், ட்ரோன், போஸ்டர் டிசைன், ஸ்பான்சர் செய்த பிரியாணிக் கடை. வரி எழுதியவர் பெயர் ‘மேலும் காட்டு’ என்பதை அழுத்தினால்தான் வருகிறது.

அறிவு 2024இல் தன் தொகுப்பை வெளியிட்டார். அதற்கு அவர் வைத்த பெயர் ‘வள்ளியம்மா பேராண்டி’. எதையும் அழுத்த வேண்டியதில்லை, தலைப்பிலேயே இருக்கிறது.